மாற்று வைத்த கருவிழியில் தொற்று வலிக்காமலும் வரும்

கருவிழி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். கொஞ்ச நாளைக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண் வலித்தால் உடனே வர வேண்டும். எனக்குக் கொடுத்த தாளிலும் இவ்வளவுதான். நான் அதை வரி தவறாமல் கடைப்பிடித்தேன். ஆனால் என் கண்ணுக்குள் கிருமி புகுந்து, புதிதாக வைத்த கருவிழியின் அடுக்குகளுக்கு நடுவே பரவிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் வலி என்று ஒன்று எனக்கு வரவே இல்லை. வலி இல்லாததால் பயமும் வரவில்லை. வலிக்காமலும் தொற்று வரும் என்று யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால், இன்று என் கண்ணில் நிற்கும் தழும்பு இதைவிடச் சிறியதாக இருந்திருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய். கல்லூரியில் படிக்கும்போதே கண்ணாடி பவர் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் கடினமான கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பல வருடம் ஓட்டினேன். வலது கண்ணில் நடுவிலேயே தழும்பு விழுந்தபின் லென்ஸாலும் பயனில்லை, மாற்றுவதுதான் வழி என்றார்கள். பதிவு செய்து காத்திருந்தேன். இறந்தவரின் கண்களை 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். துக்க வீட்டில், அழுகைக்கு நடுவே, யாரோ ஒருவர் கண் வங்கிக்கு போன் செய்யச் சம்மதித்ததால் எனக்குக் கருவிழி கிடைத்தது. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தொற்று வந்து கண் போய்விடுமோ என்று பயந்த நாட்களில், என் கண்ணைவிட அவர்கள் கொடுத்ததை வீணாக்கிவிடுவேனோ என்ற நினைப்புதான் என்னை அதிகம் வாட்டியது.

எனக்குச் செய்தது முழுத் தடிமனையும் மாற்றும் அறுவை. புதுக் கருவிழியைச் சுற்றிலும் நைலான் நூலால் 16 தையல். அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது என்பதால் புண் ஆறுவது மிகவும் மெதுவாக நடக்கும். அதனால் ஒரு வருடமோ அதற்கு மேலோ தையல் கண்ணிலேயே இருக்கும். உடல் புதுக் கருவிழியை நிராகரிக்காமல் இருக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் மாதக்கணக்கில் தொடரும். நூலும் வேண்டும், ஸ்டீராய்டும் வேண்டும், இரண்டும் இல்லாமல் கருவிழி நிற்காது. ஆனால் கிருமிக்கு வழிவிடுவதும் இந்த இரண்டும்தான். புண் ஆற ஆற அங்கங்கே தையல் தளரும். தளர்ந்த நூல் மேலே எழும்பி, கருவிழியின் மேல்தோலை உரசி, அதில் பீளை ஒட்டிக்கொள்ளும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கிருமி உள்ளே இறங்கும். ஸ்டீராய்டோ உடலின் எதிர்ப்பைக் குறைத்து வைத்திருக்கிறது, அதனால் சிவப்பும் வீக்கமும் வெளியே தெரியாது. போதாக்குறைக்கு, அறுவையின்போது கருவிழியின் நரம்புகள் வட்டமாக அறுபடுகின்றன. உணர்ச்சி திரும்ப வருடங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. அங்கே முள் குத்தினாலும் சரியாகத் தெரியாத நிலையில், வலி வந்தால் வாருங்கள் என்பது எப்படிப் போதுமான எச்சரிக்கையாகும்?

அறுவை முடிந்து ஒரு வருடம் நெருங்கும்போது, காலையில் எழுந்ததும் வலது கண்ணில் லேசான மூட்டம். மதியத்துக்குள் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். இரவில் எதிரே வரும் பைக் விளக்கைச் சுற்றி வளையம். கண் ஓரத்தில் இத்தனூண்டு சிவப்பு. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர், சுற்றிலும் பஞ்சுத் தூசி. இந்த மாதிரி இடத்தில் இருப்பவனுக்கு இந்த அளவு சிவப்பு அதிசயமே இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கருவிழி மாற்றியவர்கள் தினமும் காலையில், மற்றக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மாற்றிய கண்ணால் மட்டும் ஒரே தூரத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்துப் பழகுங்கள். சுவரில் மாட்டிய தினசரி காலண்டர் போதும். நேற்று தேதிக்குக் கீழே உள்ள எழுத்து தெரிந்தது, இன்று தேதி மட்டும்தான் தெரிகிறது என்றால் அது செய்தி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதோடு வாரத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் நின்று கண்ணை நெருக்கமாகப் படம் எடுத்து போனில் வையுங்கள். கருவிழியில் புதிதாக வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிவப்பு, வெளிச்சத்துக்குக் கூச்சம், பார்வை மங்கல், வலி ஆகிய நான்கில் ஒன்று வந்தாலே போக வேண்டும், நான்கும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த நான்கையும் சேர்த்து என்னிடம் சொன்னது தொற்று வந்தபிறகுதான்.

அறுவை செய்த மருத்துவமனை வேறு ஊரில், பஸ்ஸில் பல மணி நேரம். அதனால் பக்கத்தில் உள்ள ஒரு கண் மருத்துவரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, மாற்றிய கருவிழியை உடல் நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம் என்றார். ஸ்டீராய்டு சொட்டை மணிக்கு ஒருமுறை போடச் சொன்னார். துணைக்கு மாக்ஸிஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக் சொட்டு. நிராகரிப்பாக இருந்திருந்தால் ஸ்டீராய்டைக் கூட்டுவது சரியான வைத்தியம்தான். ஆனால் எனக்கு வந்தது கிருமித் தொற்று. ஸ்டீராய்டைக் கூட்டியதும் இருந்த கொஞ்ச சிவப்பும் போய்விட்டது, நானும் குணமாகிறது என்று நிம்மதியாக வேலைக்குப் போனேன். உள்ளே கிருமிக்குத் தடையே இல்லாமல் போயிற்று. இரண்டு நோய்க்கும் தொடக்கத்தில் அறிகுறி ஏறக்குறைய ஒன்று, வைத்தியமோ நேர் எதிர். அதனால் மாற்றிய கருவிழியில் எந்த மாற்றம் வந்தாலும், பொதுவான கண் மருத்துவரிடம் போகாமல் கருவிழிச் சிறப்பு மருத்துவரிடமே போங்கள். தூரம், செலவு, லீவு எல்லாம் எனக்கும் தெரியும். போகவே முடியாத நிலை என்றால், அறுவை செய்த இடத்துக்கு போனிலாவது பேசிவிட்டு, "இது தொற்று இல்லை என்று எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சரி என்றபின் மட்டும் ஸ்டீராய்டைக் கூட்டுங்கள்.

மூட்டம் தெளியவில்லை. இரவு பஸ் பிடித்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அங்கே கருவிழிப் பிரிவு டாக்டரம்மா ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனை நுண்ணோக்கியில் பார்த்ததும் வேறொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "இருக்காது. நரம்பை அறுத்துத்தானே இதை வச்சிருக்கோம். இங்க பாருங்க, இந்த நூல் தளர்ந்து நிக்குது. இதோட அடியிலேர்ந்துதான் கிளம்பியிருக்கு" என்று திரையில் படத்தைக் காட்டினார். தளர்ந்த ஒரு தையலின் அடியிலிருந்து வெள்ளை நிறத்தில் மெல்லிய இழைகள் பிரிந்து பிரிந்து, செடியின் வேர் மண்ணுக்குள் ஓடுவதைப் போல, கருவிழியின் உள்ளே போயிருந்தன. சுற்றிலும் சிவப்போ சீழோ எதுவுமில்லை. பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்குக் கை நடுங்கியது.

இந்த வகைத் தொற்றை மருத்துவ இதழில் முதன்முதலில் விவரித்தது 1983-ல், அதுவும் மாற்றப்பட்ட கருவிழி ஒன்றில்தான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் இதைச் செய்வது விரிடான்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நம் எல்லார் வாயிலும் சாதாரணமாக வாழும் பாக்டீரியா அது, வாயில் இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. ஸ்டீராய்டு போட்ட கருவிழிக்குள் போனால், அடுக்குகளுக்கு இடையே கூட்டமாகத் தங்கி, தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. மருந்து அந்தப் படலத்தைத் தாண்டிப் போவது கடினம். ஆய்வகத்தில் இந்த மருந்துக்குச் சாகும் என்று காட்டிய கிருமி, கண்ணுக்குள் அதே மருந்துக்குச் சாகாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் உடைந்த நாட்களில் இதைத் தெரிந்து வைத்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணைச் சுரண்டி எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். முதல் முறை எதுவுமே வளரவில்லை. ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சொட்டு போட்டிருந்தது ஒரு காரணம், கிருமி ஆழத்தில் இருந்தது இன்னொரு காரணம். தளர்ந்த தையலை எடுத்து அந்த நூலையும் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நல்லவேளை, அதில் வளர்ந்தது. இதனால் நான் எல்லாரிடமும் சொல்வது: கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், சுரண்டிப் பரிசோதிக்க வசதியுள்ள இடத்துக்குப் போகும்வரை கடையில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். கிருமியின் பெயர் தெரிந்தால்தான் குறி வைத்து அடிக்க முடியும். தையல் எடுக்கும்போது நூலைக் கல்ச்சருக்கு அனுப்புவார்களா என்று நீங்களே கேட்கலாம், அதில் தவறில்லை.

அப்புறம் தொடங்கியது மருந்துப் பாடு. இதற்குக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து போதாது. டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு கடையில் 0.3 சதவீதம், மருத்துவமனையில் வீரியம் கூட்டித் தயாரிப்பது 1.4 சதவீதம். வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கின் ஊசி மருந்தைக் கரைத்து 5 சதவீதச் சொட்டாக்கித் தருவார்கள். முதல் சில நாட்கள் வார்டில் இருந்தேன், நர்சுகள் இரவும் பகலும் மணிக்கு ஒருமுறை போட்டார்கள். கூட இருக்க ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் குவைத்தில். அம்மா அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில், சர்க்கரையும் முழங்கால் வலியுமாக. அதனால் ஆள் இல்லாமலே சமாளித்து, ஒரு பை நிறையச் சின்னச் சின்னப் பாட்டில்களோடு திருப்பூர் அறைக்குத் திரும்பினேன்.

தனியாக மணிக்கு ஒருமுறை மருந்து போடுவது என்பது, செய்து பார்க்காதவர்களுக்குப் புரியாது. பகலில் சரி. இரவில் அலாரம் அடித்து எழுந்து, கை கழுவி, முதல் மருந்து, 5 நிமிடம் உட்கார்ந்து, இரண்டாவது மருந்து, படுத்தால் தூக்கம் பிடிப்பதற்குள் அடுத்த அலாரம். வான்கோமைசின் கண்ணில் விழுந்தால் எரியும். உணர்ச்சி குறைந்த கருவிழி பேசாமல் இருந்தாலும் இமையும் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியும் எரிந்தன. நடு இரவில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பகலில் யாராவது போனில் நலமா என்று கேட்டால் கோபம் வந்தது. தூக்கமில்லாமல் ஒரு வாரம் போனால் மனிதனின் குணமே மாறிவிடுகிறது. முடிந்தால் இந்தக் கட்டத்துக்கு மட்டுமாவது வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்படாமல் கெஞ்சியாவது கூப்பிடுங்கள். சமையலுக்கோ துணைக்கோ இல்லை, இரவு மருந்துக்கு. தூங்கிப்போய் நான்கு மணி நேரம் மருந்து விட்டுப்போனால் கண்ணில் மருந்தின் அளவு இறங்கிவிடும்.

இந்த மருந்துகள் குளிரில் இருக்க வேண்டும், என் அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை. கீழே வீட்டுக்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மேல் தட்ட உங்களுக்குன்னே காலி பண்ணிட்டேன் தம்பி, எத்தன மணிக்கு வேணும்னாலும் வாங்க" என்றார். அந்த நன்றி எனக்கு ஆயுளுக்கும் இருக்கும். இரவில் மட்டும் ஐஸ் போட்ட ஃப்ளாஸ்கில், ஈரம் படாதபடி கவரில் சுற்றி மேலே எடுத்துப்போய் வைத்துக்கொள்வேன். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றுக்கு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன், இருட்டில் தடவினாலே தெரியும். ஒரு சொட்டு போதும், கண்ணில் அதுவே முழுதாகத் தங்காது. போட்டதும் மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்குள் இறங்காது. பாட்டில் முனை இமையிலோ விரலிலோ படவே கூடாது. தயாரித்த தேதியைப் பார்த்து, அவர்கள் சொன்ன நாளோடு மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். பல நூறு ரூபாய் மருந்து, கொட்ட மனசு வராது, ஆனாலும் கொட்ட வேண்டும். சொட்டு மருந்துப் பாட்டிலே கிருமி சுமந்து வரக்கூடியது. 2022-23-ல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்று 81 பேரைத் தாக்கியது, 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் லேசில் மசியாத ரகம் அது. திறந்து பல நாள் ஆன பாட்டிலைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வரும்.

அம்மாவுக்குச் செய்தி போனதும் போனிலேயே வைத்தியம் சொன்னார். முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாகக் கண்ணில் ஒற்றச் சொன்னார், நந்தியாவட்டைப் பூவை இரவில் கண் மேல் வைத்துக் கட்டச் சொன்னார். சின்ன வயதில் தூசி விழுந்தபோதெல்லாம் அப்படித்தான் ஊதி ஒற்றிவிடுவார், அந்தச் சூட்டில் அழுகை நின்றுவிடும். அவர் அன்பில் குறையே இல்லை. ஆனால் மாற்றிய கருவிழி உள்ள கண்ணுக்கு வாய் ஊதிய துணி வேண்டவே வேண்டாம். என் கண்ணில் வளர்ந்தது வாயில் வாழும் கிருமி என்று சொன்னேனே. பூச்சாறு, ரோஸ் வாட்டர், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். பூவில் மண்ணும் பூஞ்சைக் காளானும் ஒட்டியிருக்கும். அம்மாவுக்கு இதைப் புரியவைக்க டாக்டரம்மாவையே போனில் பேசவைத்தேன்.

வாரங்கள் போயும் அந்த வெள்ளை வேர் அப்படியே இருந்தது. வளரவும் இல்லை, கரையவும் இல்லை. இதற்குள் வீரியமான மருந்தால் கருவிழியின் மேல்தோல் புண்ணாகி ஆற மறுத்தது. மருந்தைக் குறைத்தால் கிருமி, கூட்டினால் புண். இந்த இழுபறியில்தான் வான்கோமைசினை மிக மெல்லிய ஊசியால் கருவிழியின் அடுக்குக்குள்ளேயே, அந்த இழைகளைச் சுற்றிச் செலுத்தினார்கள். கண்ணில் ஊசியா என்று நடுங்கிவிட்டேன், ஆனால் மரத்துப்போகும் சொட்டுக்குப் பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது. அது ஒரு திருப்பம். அடுத்தடுத்த பரிசோதனைகளில் இழைகளின் ஓரம் மங்கத் தொடங்கியது. கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்று தண்ணீர் செலுத்தியும் பார்த்தார்கள். அடைத்திருந்தால் கண்ணீர்ப் பையில் தேங்கும் சீழ் திரும்பத் திரும்பக் கண்ணுக்கே வருமாம். எனக்கு அடைப்பு இல்லை. உங்களுக்குத் தொற்று போய்ப் போய்த் திரும்பினால் இதையும், இமை ஓர அழற்சியையும், சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குணமாகிறது என்று உறுதியானபின்தான், ஆன்டிபயாட்டிக் துணையோடு, நிறுத்தி வைத்திருந்த ஸ்டீராய்டை மறுபடி மெதுவாகத் தொடங்கினார்கள். அப்படியே நிறுத்திவிட்டால் நிராகரிப்பு வரும் என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. அதை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடவே கூடாது.

மருந்து, பரிசோதனை, பஸ், லாட்ஜ் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்கு மேல் போனது. சம்பளமில்லாத லீவு தனி. என் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது, தனியார் காப்பீடுதான். வெளிநோயாளியாக வாங்கிய சொட்டு மருந்துக்குப் பணம் வராது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வார்டில் சேர்ந்திருந்தால், பல பாலிசிகளில் சேர்வதற்கு முன் 30 நாள், வெளியே வந்தபின் 60 நாள் வரை அதே நோய்க்கான மருந்து, பரிசோதனைச் செலவைக் கேட்கலாம். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பாருங்கள். பில்லில் மருந்தின் பெயரும் டாக்டர் சீட்டும் பொருந்த வேண்டும், மருத்துவமனையிலேயே கரைத்துத் தரும் சொட்டுக்குக் கையால் எழுதிய ரசீதை ஏற்காமல் போகலாம், அச்சடித்த பில் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒரு பகுதி திரும்ப வந்தது, ரசீது இல்லாத பகுதி வரவில்லை.

இப்போது கண்ணில் கிருமி இல்லை. மேல் ஓரத்தில் தழும்பு இருக்கிறது, அது கருவிழியை ஒரு பக்கமாக இழுத்து, எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் போட்டுப் பார்த்ததில் காலண்டரின் சின்ன எழுத்துவரை தெரிந்தது. இன்னும் சில தையல்கள் பாக்கி. அவை தளரும்வரை காத்திருக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், லென்ஸின் அளவு அதன்பிறகுதான்.